பழைய டீசல் வண்டி: ஏத்தத்துல மட்டும் உயிர் போற வியாதி

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன், 2012 மாடல் டீசல் கார் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கலாமாண்ணேன்னு கேட்டான். அதே வயசுல ஒண்ண நானும் ரொம்ப நாளா ஓட்டிட்டு இருக்கேன், போன்ல சொல்லி முடியாது, அதான் எழுதுறேன். கம்பெனி பேரு வேணாம், டர்போ (என்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புற காத்தாடி) வச்ச எந்தப் பழைய டீசலுக்கும் இந்த வியாதி வரும்.

மைலேஜ், ஏசி, சஸ்பென்ஷன் எல்லாம் ஊருக்கே தெரிஞ்சது. லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் என்ஜின் உள்ள ஸ்பேனர் படல, ஆயில் குடிக்கல. மூணாவது கியர்ல 2000 ஆர்பிஎம் தொட்டதும் முதுக சீட்டோட சேத்து அமுக்குற அந்த இழுவை இருக்கே, நான் ஓட்டிப் பாத்த புது பெட்ரோல் வண்டி எதுலயும் அது இல்ல. பாராட்டு இதோட போதும்.

சேலத்துல இருந்து தருமபுரி போற தொப்பூர் ஏத்தம். முன்னாடி லோடு லாரி, வலது பக்கம் எடுத்து மிதிக்கிறேன், பாதி ஓவர்டேக்ல வண்டி செத்துப்போச்சு. ஆஃப் ஆகல, ஓடுது, ஆனா ஆக்ஸிலேட்டர தரையோட அமுக்குனாலும் 2500க்கு மேல ஏறல, பின்னாடி பஸ்காரரு ஹார்ன்ல வச்ச கைய எடுக்கல, கண்ணாடில பாத்தா ஒரே கரும்புகை. ஓரங்கட்டி சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எதுவுமே நடக்காத மாதிரி கெளம்புது. செக் என்ஜின் லைட் கூட எரியல! இதுக்குப் பேரு லிம்ப் மோடு. கேட்ட டர்போ ப்ரஷர் வரலன்னா ஈசியூ, அதாவது வண்டியோட கம்ப்யூட்டர், என்ஜினக் காப்பாத்தறேன்னு டீசலயும் பூஸ்டயும் (டர்போ அமுக்கித் தர்ற காத்து) கொறச்சிரும். ரொம்ப சந்தோஷம், பாதி ஓவர்டேக்ல பண்ணாம இருந்தா.

கடுப்பு என்னன்னா பட்டறைல நிறுத்தி ரேஸ் பண்ணிப் பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கும். ஒருத்தர் ஈஜிஆர் வால்வு (புகைய கொஞ்சம் திருப்பி என்ஜினுக்கே அனுப்புறது) கிளீன் பண்ணாரு, இன்னொருத்தர் உள்ள போற காத்த அளக்குற ஏர் ஃப்ளோ சென்சாருக்கு ஸ்ப்ரே அடிச்சாரு, கடைசில ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர மாட்டி பி0299னு ஒரு எரர் கோட காட்டி டர்போ போயிருச்சு சார்னு நாப்பதாயிரத்துக்கு மேல எஸ்டிமேட் நீட்டுனாங்க. அந்தக் கோடு சொல்றது பூஸ்ட் கம்மியா வருதுன்னு மட்டுந்தான். காத்து வழியில ஒழுகுனாலும் அதே கோடு, டர்போவக் கூட்டிக் கொறைக்கிற ஆக்சுவேட்டருக்குப் போற வேக்குவம் டியூப் வெடிச்சிருந்தாலும் அதே கோடு. ஹோஸ தொட்டுக்கூடப் பாக்காம எப்படி சார் டர்போன்னு சொல்றீங்கன்னு கேட்டா, எக்ஸ்பீரியன்ஸ்ங்கறாரு.

சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல வர்ற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஒண்ணு வாங்கி மாட்டுனேன், வண்டியோட சென்சார் நம்பர எல்லாம் போன்ல காட்டும். இந்த வண்டிக்குன்னு செலவு பண்ணதுலயே உருப்படியானது அதுதான். வீட்டம்மாவ பக்கத்துல உக்கார வச்சு போன பாத்து நம்பர் மட்டும் சொல்லச் சொன்னேன். ஐடில்ல மேனிஃபோல்ட் ப்ரஷர், அதாவது என்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தம், 100 கிலோபாஸ்கல் பக்கம் நிக்கும், அது வெறும் வெளிக்காத்து. மூணாவது கியர்ல ஏத்தத்துல முழுசா மிதிச்சா என் வண்டி மாதிரி டீசல்ல அது 200ஐ தாண்டிப் போகணும், இங்க 140லயே நொண்டுது. இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம், ரெயில் ப்ரஷர்னு காட்டும், அது கேட்டது கேட்டபடி வருது. அப்ப டீசல்ல கோளாறு இல்ல, காத்துலதான்.

இந்த நம்பர எங்க பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னதும் ஒண்ணும் பேசல. பானட்டத் தொறந்து, டர்போ காத்த குளிர வைக்கிற இன்டர்கூலர்ல இருந்து என்ஜினுக்குப் போற ரப்பர் ஹோஸுக்கு அடியில கைய விட்டுத் தடவுனாரு, விரல் பூரா கருப்பா பிசுபிசுன்னு ஆயில். மேல பாத்தா ஹோஸ் புதுசு மாதிரி இருக்கு. கிளிப்பக் கழட்டி வளைச்சுக் காட்டுனாரு பாருங்க, அடிப்பக்கம் ரெண்டு விரக்கடை நீளத்துக்கு ஒரு கீறல், விட்டா மூடிக்குது, வளைச்சா வாயத் தொறக்குது. ஐடில்ல பூஸ்டே கிடையாது, நிறுத்தி ரேஸ் பண்ணாலும் பெருசா ஏறாது, அதனால மூடியே கெடக்கும், பட்டறைல எவருக்கும் தெரியல. ஏத்தத்துல பூஸ்ட் ஏறுனதும் விரிஞ்சு காத்து வெளிய ஓடிரும். ஆனா ஏர் ஃப்ளோ சென்சார் முன்னாடியே அந்தக் காத்த அளந்தாச்சே, டீசல் மட்டும் கணக்குப்படி உள்ள விழும், அதான் அந்தக் கரும்புகை. ஹோஸ், ரெண்டு கிளிப்பு, கூலி எல்லாம் சேத்தும் அந்த எஸ்டிமேட்டோட ஜிஎஸ்டி அளவுக்குக் கூட வரல.

தம்பி, இத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ: பவர் போறப்ப புகை வருதா இல்லையான்னு பாரு. கரும்புகையோட புஸ்ஸுன்னு சத்தமும் வந்தா காத்துக் கசிவு. புகையே இல்லாம இழுக்கலன்னா பெரும்பாலும் டீசல் பத்தல, ஃபில்டர் அடைப்போ, தண்ணியோ, லைன்ல காத்து இழுக்குறதோ. மழைக்காலத்துல எனக்கு அதுவும் வந்துச்சு, இந்தத் தடவ ரெயில் ப்ரஷர் பாதியில தொங்குது. ஃபில்டருக்கு அடியில இருக்குற ஸ்க்ரூவ லூஸ் பண்ணா டீசலுக்கு முன்னாடி தண்ணி வருது, எந்த பங்க் புண்ணியமோ. டவுனுக்குள்ளயே உருட்டுன வண்டின்னா இன்னொண்ணு இருக்கு, சில டர்போ உள்ள அசையுற குட்டி பிளேடு இருக்கும், அதுல கரி பிடிச்சு சிக்கிக்கும், நல்லா இழுத்துட்டே போய் ஹைவேல டக்குனு கட் ஆகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த வண்டிய வாங்கலாமான்னு கேட்டா, வேணாம்டா. என்ஜின் தங்கம், சந்தேகமே இல்ல, ஆனா பத்து வருஷம் தாண்டுன ரப்பர் எல்லாம் அடுத்தடுத்து கேக்கும், உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆசை விடலன்னா ஏற்காடு அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் ஆளு ஏத்தி, ஏசி போட்டு, டாங்கிள் மாட்டி ஓட்டிப் பாரு, ஓனர் ஒத்துக்கலன்னா டீ கூட குடிக்காம வந்துரு. அப்புறம் உன் வண்டியக் குடுண்ணேன்னு என்கிட்ட மட்டும் வராத, அது விக்கிறதுக்கு இல்ல.