ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஈ.எஸ்.ஐ பணத்துக்காக ஏஜென்ட்டிடம் போன கதை

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து, வெட்கத்தால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். படித்தவன்தான், ஆனாலும் ஏமாந்தேன், அதுவும் ஒரே வருடத்தில் இரண்டு முறை. முதலில் வேலை பார்த்த கம்பெனியிடம், அடுத்து "பணம் வாங்கித் தருகிறேன்" என்று வந்த ஏஜென்ட்டிடம். இரண்டுக்கும் காரணம் நான் படிக்காமல் போட்ட கையெழுத்தும் யோசிக்காமல் சொன்ன ஓ.டி.பியும்.

2022 ஜனவரியில் வேலை போனது. மாதச் சம்பளம் 18,000. தொழிலாளர் அரசு காப்பீடான ஈ.எஸ்.ஐக்கு அப்போது சம்பள உச்சவரம்பு 21,000 என்பதால் நான் அதற்குள் வருகிறவன், மாதாமாதம் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய், சம்பளத்தில் பிடித்தார்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். எதற்குப் பிடிக்கிறார்கள் என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்வேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று காலை எங்களில் பதினோரு பேரை ஒவ்வொருவராக எச்.ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டர் இல்லை, ஆள் குறைக்கிறோம் என்று வாய் நிறையச் சொன்னார்கள். சொன்னதை எழுதித் தரவில்லை. "டெர்மினேஷன்னு போட்டா அடுத்த இடத்துல வேலை கிடைக்காது, நீங்களே ராஜினாமா மெயில் போட்டுடுங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் எச்.ஆர். எனக்கு அது நியாயமாகவே பட்டது, நன்றி கூடச் சொன்னேன். வெளியே வந்ததும் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு செய்தி: ஐந்து மணிக்குள் மெயில் வந்தால்தான் இந்த மாதச் சம்பளம் ப்ராசஸ் ஆகும். போட்டுவிட்டேன். "சொந்தக் காரணங்களால்" என்று அவர்கள் கொடுத்த வாசகத்தையே நகலெடுத்து ஒட்டினேன். அந்த வாட்ஸ்அப் செய்தியை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தேன். சாமர்த்தியம் எல்லாம் இல்லை, போனைச் சுத்தம் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்போது என் சர்வீஸ் நாலு வருடம் ஏழு மாதம். இன்னும் ஐந்து மாதம் போயிருந்தால் ஐந்து வருடம் முடிந்து கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டிருப்பேன். அது தற்செயலா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு மாதம் வேலை தேடி அலைந்த பிறகு ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். வேலை போய்விட்டதா, மூன்று மாதச் சம்பளத்தை அரசாங்கம் தரும், எங்களை அணுகவும், கீழே ஒரு மொபைல் நம்பர். கூப்பிட்டேன். நல்ல தன்மையான குரல். "தம்பி, உங்களுக்கு 54,000 வரும், பி.எஃப் தனி, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், அட்வான்ஸ் 3,500 அனுப்புங்க, வர்றதுல இருபது பர்சன்ட் எனக்கு." கடன் வாங்கித்தான் அந்த 3,500ஐ அனுப்பினேன்.

திட்டம் பொய் இல்லை, அதுதான் இதில் உள்ள சூட்சுமம். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஈ.எஸ்.ஐயில் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது, 2018 ஜூலையில் ஆரம்பித்தது. முதலில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று இருந்ததை, கொரோனா சமயத்தில், 2020 மார்ச் 24 முதல், 50 சதவீதம் ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், அதுவும் வாழ்நாளில் ஒரு தடவைதான். ஆக மூன்று மாதச் சம்பளம் என்பது பச்சைப் பொய், அதில் பாதிதான். அந்தப் பாதியைக் கணக்குப் போடுவதும் கடைசி மாதச் சம்பளத்தை வைத்து அல்ல. முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில், அதாவது இரண்டு வருடத்தில், வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுப்பார்கள். என் கணக்கு: 18,000 வீதம் 24 மாதத்துக்கு 4,32,000, அதை 730ஆல் வகுத்தால் நாளுக்கு சுமார் 592, பாதி 296, அப்படி 90 நாளுக்கு ஏறக்குறைய 26,600. ஏஜென்ட் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தால் அந்த 3,500 என் கையில் இருந்திருக்கும்.

நான் விண்ணப்பித்த சமயத்தில் தகுதி இதுதான்: குறைந்தது இரண்டு வருடம் ஈ.எஸ்.ஐ உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு உடனே முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும், அதற்கும் முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழிந்ததும் கேட்கலாம். கம்பெனி மூலமாக அனுப்ப வேண்டியதில்லை, ஆன்லைனில் போட்டு, பிரிண்ட் எடுத்து, ஆதார் நகலும் வங்கி விவரமும் வைத்துக் கிளை அலுவலகத்தில் நாமே கொடுக்கலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. இந்தத் திட்டத்தைக் காலக்கெடு வைத்துத்தான் நீட்டிக்கொண்டு வருகிறார்கள், அதனால் நீங்கள் கேட்கும்போது நடப்பில் இருக்கிறதா, நிபந்தனை என்ன என்று கிளை அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் போஸ்டரை நம்பாதீர்கள். முக்கியமான இன்னொரு விஷயம்: தானாக வேலையை விட்டவருக்கு இந்தப் பணம் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவருக்கும் கிடையாது. நான் எழுதிக் கொடுத்ததோ ராஜினாமா.

ஏஜென்ட்டிடம் இதை நான் மறைக்கவில்லை. "ராஜினாமா குடுத்துட்டேன் அண்ணே, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க சரி பண்ணிருவோம் தம்பி" என்றார். எப்படிச் சரி பண்ணுவார் என்று அடுத்த கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஈ.எஸ்.ஐ பாஸ்வேர்ட், பி.எஃப் கணக்குக்கான யூ.ஏ.என் பாஸ்வேர்ட், ஆதார் ஓ.டி.பி எல்லாம் போனிலேயே ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னேன். "இன்னொண்ணு வந்திருக்கும் பாருங்க தம்பி" என்பார், நான் பார்த்துச் சொல்வேன்.

ஏப்ரலில் பி.எஃப் பணம் வங்கியில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, தொகையைச் சரியாகப் பார்க்கும் வரை. சுமார் 1,40,000 இருந்ததில் 14,000 வரியாகப் பிடித்திருந்தது. ஐந்து வருடம் முடியாமல் 50,000க்கு மேல் எடுத்தால் பான் இருப்பவருக்கு 10 சதவீதம் டி.டி.எஸ் உண்டு. அப்போது வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் 15ஜி படிவத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். ஏஜென்ட் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அவர் கமிஷன் அதேதான், பிறகு ஏன் மெனக்கெடுவார்?

அதைவிட மோசமானது பென்ஷன். பத்து வருடம் முடியாதவர்கள் பி.எஃப்போடு வரும் பென்ஷன் கணக்கில் உள்ளதை 10சி படிவத்தில் பணமாக வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி, இருந்த சர்வீஸை அடுத்த வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பணமாகவே எடுத்துவிட்டார், அதிலும் இருபது சதவீதம் வாங்கிக்கொண்டார். நாலு வருடம் ஏழு மாதச் சர்வீஸ் துடைத்துப் போட்டது போல ஆனது. இப்போது புது வேலையில் பூஜ்யத்தில் இருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். பணம் வந்த அன்றே, ஏதோ உறுத்தியதால், யூ.ஏ.என் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன்.

(பி.எஃப் எடுக்கும் காத்திருப்புக் காலங்களை மாற்ற 2025 அக்டோபரில் முடிவெடுத்தார்கள். என் அனுபவத்தில் உள்ள மாதக் கணக்கை வைத்து நீங்கள் திட்டம் போட வேண்டாம்.)

ஈ.எஸ்.ஐ பணம் மட்டும் வரவில்லை. கேட்டால் "மேலிடத்துல பென்டிங்" என்பார், அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மே மாதம் நானே கிளை அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா என் ஃபைலைத் தேடி எடுத்து, உள்ளே இருந்து ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி, "இந்த லெட்டரை உங்களுக்கு யார் குடுத்தது?" என்று கேட்டார். என் கம்பெனி லெட்டர்ஹெட். ஆள்குறைப்பு காரணமாக என்னை நீக்குவதாக எழுதி, சீல் போட்டு, கையெழுத்தும் இருந்தது. நான் அதுவரை பார்க்காத கடிதம். கம்பெனியோ நான் தானாக விலகியதாகப் பதிந்து வைத்திருந்தது.

ஏஜென்ட் சரி பண்ணிய லட்சணம் அதுதான். என் பெயரில், என் விண்ணப்பத்தில், போலிக் கடிதம்.

அந்த அம்மா நல்ல மனுஷி. கத்தவில்லை, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல. அப்போதைய ஈ.எஸ்.ஐ சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, பொய்த் தகவல் கொடுத்துப் பணம் கேட்டால் ஆறு மாதம் வரை சிறை, இல்லை 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் கூட உண்டு என்று நிதானமாகச் சொன்னார். அப்படித் தண்டனை வாங்கியவருக்கு இந்த உதவித் தொகையும் கிடைக்காது. கை நடுங்கியது. நடந்ததை அப்படியே எழுதி, அந்தக் கடிதம் என்னுடையது இல்லை என்று கையெழுத்துப் போட்டு அங்கேயே கொடுத்தேன். அன்று மாலையே காவல் நிலையத்தில் ஏஜென்ட் மீது புகார் கொடுத்து மனு ரசீது வாங்கி, அதன் நகலையும் மறுநாள் ஃபைலில் சேர்க்கச் சொன்னேன். ஏஜென்ட்டிடம் மாட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் வேலையாக உங்கள் பெயரில் என்ன கொடுத்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். பணம் போனால் போகட்டும், காகிதம் ஆளை உள்ளே தள்ளும்.

இனி கம்பெனி. எச்.ஆருக்குப் போன் போட்டேன், "நீங்கதானே ரிசைன் பண்ணீங்க" என்று ஒரே வரியில் முடித்தார். தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம் என்று பழைய தொழிற்சங்கக்காரர் ஒருவர் சொன்னார். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் 2ஏ பிரிவு, சங்கம் இல்லாமல் தனி ஆளாகவே வேலை நீக்கத்தை எதிர்த்துப் போகலாம், சமரச அலுவலர் முன்னால் 45 நாள் தாண்டியும் தீரவில்லை என்றால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம். (இப்போது புதுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, கெடு எல்லாம் மாறியிருக்கிறது, தாமதிக்காமல் விசாரியுங்கள்.) மனு எழுத வக்கீல் கூட வைக்கவில்லை, ஒன்றரைப் பக்கம் நானே எழுதினேன்.

முதல் தேதிக்குக் கம்பெனி வரவில்லை. இரண்டாவது தேதிக்கு வந்த ஆள் என் ராஜினாமா மெயிலை எடுத்து நீட்டினார். நான் அந்த வாட்ஸ்அப் செய்தியை நீட்டினேன். ஒரே நாளில் பதினோரு பேருக்கு ஒரே வாசகத்தில் "சொந்தக் காரணம்" எப்படி வந்தது என்று சமரச அலுவலர் கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னோடு சேர்ந்து வெளியே வந்த மூன்று பேர் தங்கள் மெயிலை எனக்கு அனுப்பியிருந்தார்கள், மற்ற ஏழு பேர் பயந்து விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்த வேலைக்குப் பழைய கம்பெனியில்தான் விசாரிப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது.

கடைசியில் சமரசம். ஆள்குறைப்பு என்று கடிதம் தருவது, ஈ.எஸ்.ஐ பதிவில் காரணத்தைத் திருத்துவது, ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் தருவது. சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் வீதம், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தையும் ஒரு வருடமாக எடுத்தால், எனக்கு 75 நாள் சம்பளம் இழப்பீடாக வந்திருக்க வேண்டும். அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கையில் காசு இல்லாதவன் நீதிமன்றத்தில் காத்திருக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று தடவை படித்தேன், அது ஒன்றுதான் முன்னேற்றம்.

திருத்திய கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கு மறுபடி போய்க் கொடுத்தேன். மறுத்திருந்தால் எழுத்தில் உத்தரவு வாங்கி மண்டல அலுவலகத்துக்கும், அதற்கு மேல் ஈ.எஸ்.ஐ நீதிமன்றத்துக்கும் போவது என்று தீர்மானித்திருந்தேன், அப்போதைய ஈ.எஸ்.ஐ சட்டத்தின் 75ஆம் பிரிவில் அந்த வழி இருந்தது. வாயால் "இல்லை" என்று சொன்னால் எதை வைத்து மேல்முறையீடு செய்வது, அதனால் எங்கே போனாலும் கொடுத்த காகிதத்துக்கு நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பிடித்த 14,000 வரியும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகு திரும்பி வந்தது. பென்ஷன் சர்வீஸ் மட்டும் போனது போனதுதான்.

அக்டோபரில் ஈ.எஸ்.ஐ பணம் வந்தது, நான் போட்ட கணக்குக்கு நூறு இருநூறு முன்னே பின்னே. வீட்டில் சொல்லிவிட்டு உட்காருகிறேன், போன் அடிக்கிறது. மே மாதத்தில் இருந்து என் அழைப்பை எடுக்காத அதே ஏஜென்ட்.

"தம்பி, ஈ.எஸ்.ஐ வந்துருச்சு போல, நம்ம இருபது பர்சன்ட்?"

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அரை நிமிடம் புரியவில்லை. பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, அத்தனை மாதமாக மாற்றாமல் விட்டிருந்த ஈ.எஸ்.ஐ பாஸ்வேர்டை அன்றைக்குத்தான் மாற்றினேன்.