ஒரே கிட்டார், மூன்று செட் ஸ்ட்ரிங்: என் யமஹா எஃப்310 கதை

தூத்துக்குடியில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குப் பதினோரு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். கையில் இருப்பது யமஹா எஃப்310. போன வருடம் வரை எனக்கு அதன்மேல் ஒரே குறைதான்: இருபது பேர் சேர்ந்து பாட ஆரம்பித்தால் கிட்டார் இருக்கிற இடமே தெரியாது. வேறு கிட்டார் வாங்கலாம் என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காசு இன்னும் அப்படியே இருக்கிறது. காரணம் டி'அடாரியோ ஈஜே16 என்ற ஸ்ட்ரிங் செட்.

அதுவரை நான் போட்டது எல்லாமே 10-47 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு). மெல்லிய கம்பி. விரலுக்குச் சுகம், ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடிக்க வலிக்காது, அதனால் மாற்ற வேண்டும் என்றே தோன்றியதில்லை. இங்கே 10 என்பது இருப்பதிலேயே மெல்லிய ஈ கம்பியின் தடிமன், 47 என்பது இருப்பதிலேயே தடித்த கம்பியினுடையது; 10 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்துப் பங்கு. 12 என்றால் பன்னிரண்டு பங்கு. இரண்டு பங்கில் என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் எடை தடிமனின் வர்க்கத்தில் ஏறும். அதே சுருதிக்கு இழுக்க 12 கம்பிக்கு 10 கம்பியைவிட 44 சதவீதம் கூடுதல் இழுவை வேண்டும். அகூஸ்டிக் கிட்டாரில் ஓசையைப் பெரிதாக்குவது மேல்பலகை; அதை அசைப்பது கம்பி. கனமான கம்பி அடித்தால் பலகை அசைகிற அசைவே வேறு.

12-இல் முதலில் மாட்டியது 80/20 பிரான்ஸ் (வெண்கலம்) என்ற வகை, 12-53 கேஜ். மாட்டி டியூன் செய்து ஒரு ஜி கார்டு அடித்தேன். அடுப்படியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "புதுசு வாங்கிட்டியா?" என்று கேட்டார்கள். அவ்வளவு வித்தியாசம். கணகணவென்று, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அட்டையில் பிரான்ஸ் என்று போட்டிருக்கும். ஆனால் 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் சேர்ந்தால் அது நம் வீட்டுக் குடத்துப் பித்தளைதான். அந்தப் பளபளப்பு ஓசையிலும் இருக்கிறது. எங்கள் ஊர் உப்புக்காற்றிலும் என் கை வியர்வையிலும் அது நிற்கவில்லை. மூன்றாவது ஞாயிறுக்குள் கம்பி கறுத்து, ஓசை மங்கிவிட்டது. தடித்த கம்பிகள் எஃகின்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிச் செய்தவை; அந்தச் சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் அழுக்கும் வியர்வையும் அடைந்துவிட்டால் முதலில் சாவது மேல்ஸ்தாயி அதிர்வுகள்தான். மினுமினுப்பு இருந்ததே அங்கேதான்.

அப்புறம்தான் ஈஜே16. இதுவும் 12-53. முதல் இரண்டு கம்பியும் வெறும் எஃகு, எந்த செட்டிலும் ஏறக்குறைய அதேதான். மாறியது சுற்றுக்கம்பி நான்கும் மட்டும். செம்போடு சுமார் 8 சதவீதம் வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். அதாவது இதுதான் உண்மையான வெண்கலம். 1974-இல் கிட்டார் ஸ்ட்ரிங்கில் இந்த பாஸ்பர் பிரான்ஸைக் கொண்டுவந்தவர்களே டி'அடாரியோதான். பாஸ்பர் பிரான்ஸ் பித்தளைபோல் சீக்கிரம் கறுப்பதில்லை.

நல்ல கனமான, கணீரென்ற குரலை நாம் வெண்கலக் குரல் என்போம். ஈஜே16 கேட்டபோது எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது. 80/20-இல் முன்னால் வந்து நின்ற மினுமினுப்பு இதில் ஒரு அடி பின்வாங்குகிறது. அந்த இடத்தில் ஏ, டி கம்பிகளின் நடுக்குரல் நிறைகிறது. டி மைனரை விரலால் மெதுவாகப் பிரித்து வாசித்தால் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் உட்காருகிறது. பாடுகிறவர்களுக்கு இதுதான் தேவை. மினுக்கும் ஓசை அவர்கள் உச்சரிப்போடு மோதும். இது அடியில் இருந்து தாங்குகிறது. இரண்டாவது வாரமே ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடும் அக்கா ஒருவர், "இப்பத்தான் சுருதி பிடிக்க முடியுது" என்றார். எனக்கு ஆறு வாரம் நன்றாக உழைக்கிறது. நான் வாங்கியபோது விலை ஆயிரம் ரூபாய்க்குள்.

மூன்றாவதாக மேற்பூச்சுப் போட்ட பாஸ்பர் பிரான்ஸ் ஒரு செட் போட்டுப் பார்த்தேன். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கு மாதம் துரு ஏறவில்லை, விரல் நகர்த்தும்போது வரும் கீச்சொலியும் குறைவு. மைக் வைத்துப் பதிவு செய்கிறவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் விரலுக்கடியில் ஒரு வழுக்கல். என் காதுக்கு ஓசையின் மேல் மெல்லிய துணி போர்த்தியதுபோல் இருந்தது. அடிக்கடி கம்பி மாற்ற முடியாதவர்கள் தாராளமாக வாங்கலாம். நான் திரும்பிவிட்டேன்.

12-க்கு மாறுகிறவர்கள் ஒன்று செய்ய வேண்டும். இழுவை கூடியதும் கழுத்து கொஞ்சம் முன்னால் வளையும், கம்பி ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விட்டு மேலே தூக்கும். ஊரில் கிட்டார் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று திருப்பிக் கொடுத்தார், சரியாகிவிட்டது. விரல் வலிக்கிறது என்றால் அரை சுரம் இறக்கி டியூன் செய்து முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். இழுவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், சுருதி மாறாது. இப்போதுதான் கற்கத் தொடங்கிய என் அண்ணன் மகளுக்கு நான் 10-தான் போட்டிருக்கிறேன். அவள் விரல் காய்ப்பதற்குள் ஆசை போய்விடக் கூடாது.

அவளுடைய முதல் கிட்டார் நைலான் கம்பி போடும் கிளாசிக்கல். ஒரு கடையில் அதற்கு எஃகுக் கம்பி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டே மாதத்தில், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை பலகையை விட்டு எழும்பிவிட்டது. எஃகு செட் எழுபது கிலோ அளவுக்கு இழுக்கும். அந்தக் கிட்டார் அதற்காகச் செய்ததே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. கடையில் கேட்காமலே யாராவது கம்பி மாட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.

ஈஜே16-இல் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், கம்பியின் நுனிக் குண்டுக்கு ஒவ்வொரு நிறம். எந்தக் கம்பி எங்கே என்று அவளே நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பது அவள் வேலை. டிசம்பர் கேரல் பவனிக்கு இரண்டு செட் வாங்கி வைத்துவிட்டேன். பனியிலும் கடற்காற்றிலும் தெருத்தெருவாகப் போகும்போது ஒரு செட் பாதியிலேயே கறுத்துவிடும். மற்றது நள்ளிரவு ஆராதனைக்கு.