அழிகண்மாய்க்குப் பேரப்பிள்ளையுடன்: ஊத்தாவா, கொசுவலையா, தூண்டிலா?

மாசியில் அறுவடை முடிந்து கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கியதும், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வைகாசி வரை நீளும் இந்தப் பருவத்தின் பின்பாதி கோடை விடுமுறையோடு சேர்ந்து வருவதால், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊருக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகள் "ஐயா, எங்களையும் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று கேட்பது ஆண்டுதோறும் நடப்பதுதான். பரிசும் கோப்பையும் இல்லாவிட்டாலும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய நொடியிலிருந்து, யார் கையில் பெரிய விரால் என்ற போட்டி கண்மாய் முழுவதும் பரவிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு தாத்தாவும் எட்டு வயதுப் பேத்தியும் எதை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி. அதிக மீன் எதில் விழும் என்பதைவிட, எந்தக் கருவியில் இருவருக்கும் சரிபாதி வேலை இருக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

வற்றிவரும் கண்மாயில் ஊரே இறங்கி மீனைப் பிடித்து முடிக்கும் இந்த அழிகண்மாய் என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊத்தா. குச்சிகளை வட்டமாக நிறுத்தி முடைந்த, அடிவாய் அகன்று மேல்வாய் குறுகிய, இருபுறமும் திறந்த கூடை அது. முழங்கால் அளவு சேற்றுநீரில் அதை ஓங்கிக் குத்தி நிறுத்திவிட்டு, உள்ளே மீன் அகப்பட்டிருக்கிறதா என்று ஒரு கணம் காத்திருக்க வேண்டும். அகப்பட்டிருந்தால் அது குச்சிகளில் முட்டி மோதுகிற அதிர்வு, ஊத்தாவைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்குத் தெரியும். பிறகு மேல்வாய் வழியாகக் கையை விட்டு, சேற்றைத் துழாவி, தலைப்பக்கமாகப் பார்த்துப் பிடித்து எடுப்பார்கள். விரால் பிடிக்க இதற்கு ஈடான கருவி கிடையாது. விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால், தண்ணீர் எவ்வளவு கலங்கினாலும் அஞ்சி மேலே ஓடிவராமல் சேற்றோடு ஒட்டிப் பதுங்கிக்கொள்ளும். அவ்வப்போது மூச்செடுக்க வந்து போகும் இடத்தில் எழும் குமிழியைப் பார்த்துக் குத்துகிறவர்களே தேர்ந்த கைகள்.

ஆனால் இதே நுட்பம்தான் சிறுபிள்ளைக்கு எதிராக நிற்கிறது. ஊத்தாவின் உயரத்துக்கு எட்டு வயதுக் குழந்தையின் கை அடிவரை எட்டாது. எட்ட வேண்டுமானால் தோள்வரை உள்ளே விட்டு, முகத்தைத் தண்ணீருக்கு அருகே வைத்துக்கொள்ள நேரும். கண்ணுக்குத் தெரியாத சேற்றில் கைக்குச் சிக்குவது விராலாக மட்டும் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. கெளுத்தியின் முதுகிலும் இருபக்கச் செட்டைகளிலும் உள்ள முள் குத்தினால் பெரியவர்களே பல்லைக் கடித்துக்கொண்டு கரையேறுகிறார்கள். தண்ணீர்ப்பாம்பு உள்ளே மாட்டிக்கொள்வதும் உண்டு; அதற்கு நஞ்சில்லை என்று விளக்கிச் சொல்லி அழுகையை நிறுத்துவதற்குள் திருவிழாவே முடிந்துவிடும். இவற்றையெல்லாம் தவிர்க்க வேண்டுமானால் தாத்தா குத்த, பேத்தி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர வேண்டும். அப்படி வருகிற பிள்ளை மீன்பிடிக்க வந்ததாகக் கணக்கில்லை.

கொசுவலையின் கதை வேறு. பழைய கொசுவலையையோ நைந்த நூல் சேலையையோ இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கீழ்விளிம்பு தரையை உரசும்படி இழுத்துப்போய், ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒருவர் முந்தித் தூக்கினால் மீன் மற்றவர் பக்கமாக நழுவிவிடும் என்பதால், இந்தக் கருவிக்கு இரண்டாவது ஆள் ஒப்புக்குச் சப்பாணி அல்ல. "இப்போது" என்று குரல் கொடுக்கும் உரிமையைப் பேத்தியிடம் விட்டுவிட்டால், தாத்தாவின் கை அவளுடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை. உயர வேறுபாட்டைச் சமாளிக்கத் தாத்தா குனிந்து இழுக்க வேண்டியிருப்பதால் மறுநாள் இடுப்பு பேசும் என்பது உண்மைதான்.

வலையை எங்கே இழுப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. துண்டு வீசியதும் கூட்டம் மொத்தமும் நடுக்கண்மாயை நோக்கி ஓடும்; அந்த நெரிசலில் பிள்ளையோடு இறங்கவே கூடாது. சிறிது நேரம் பொறுத்தால், நூற்றுக்கணக்கான கால்கள் உழக்கியதில் நீர் சேறாகிச் செவுள்களை அடைக்க, விராலைப் போல் காற்றைச் சுவாசிக்க முடியாத கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை போன்றவை மூச்சுக்காக மேலே வந்து, ஆள் குறைந்த ஓரங்களை நோக்கி ஒதுங்கும். பிந்தி இறங்கிய வலைக்குக் கணுக்கால் அளவு தண்ணீரிலேயே அகப்படுபவை இவைதான். சட்டி நிறையக் கிடைப்பது பெரும்பாலும் ஜிலேபியாகத்தான் இருக்கும். 1952ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், இன்று நம் கண்மாய்களில் பிறந்து வளர்ந்தது போலவே நடந்துகொள்கிறது.

கொசுவலையின் குறை அதன் கண்ணிலேயே இருக்கிறது. அந்தச் சிறிய கண்ணிகளில் குஞ்சும் பொடியும் தப்பாது. இன்னும் சில வாரங்களில் வெடித்துக் காயப்போகும் அழிகண்மாயில், விட்டுவைத்தாலும் கொக்குக்கும் நாரைக்கும் போகக்கூடியவை அவை என்பதால், அங்கே இதைப் பெரிய குற்றமாக நான் கருதவில்லை. ஆண்டு முழுவதும் நீர் நிற்கிற ஊரணியிலோ கண்மாயிலோ அதே வலையை வீசுவது வேறு செய்கை. அதைப் பிள்ளைக்குப் பழக்கிவிடக் கூடாது. திருப்பத்தூருக்கு அருகே, 1977இல் பறவைகள் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாய்களில் எந்தக் கருவிக்கும் வேலை இல்லை. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்ட ஊர்கள் அவை.

தூண்டிலைத் திருவிழாவுக்கு எடுத்துப்போவதில் பயனில்லை. அத்தனை கால்களுக்கு நடுவே தக்கை அசைவதை யார் பார்ப்பது? அதன் இடம் திருவிழாவுக்கு முந்தைய நாள்கள். மீன்பாசிக் குத்தகைக்கு, அதாவது மீன்பிடி உரிமைக்கான குத்தகைக்கு, போகாத நீர்நிலையாகப் பார்த்து, ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நிழலான கரையில் மூங்கில் குச்சியும் மண்புழுவுமாக உட்கார்ந்தால், ஜிலேபி ஏமாற்றாமல் கடிக்கும். தக்கை லேசாகத் துள்ளும்போது இழுக்காமல், ஒரேயடியாக அமிழும்வரை பொறுக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குத்தான், வலையை எப்போது தூக்கலாம் என்ற நிதானமும் வருகிறது. பேச்சுக்கு நேரம் கிடைப்பதும் இங்கேதான். முட்டி வலியுள்ள தாத்தாக்களுக்கு மூன்றில் இதுவே முதல் தேர்வாக இருக்கட்டும்.

ஆகவே ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கரையும் தூண்டிலும், ஏழிலிருந்து பதினொன்றுவரை ஓரத்தண்ணீரும் கொசுவலையும் என்பதே என் பரிந்துரை. எதுவானாலும், சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் சீமைக்கருவேல முள் செருப்பில்லாத காலைப் பதம் பார்த்துவிடும் என்பதால், வார் வைத்துக் கட்டிய பழைய காலணி கட்டாயம். வலையில் சிக்கிய கெளுத்தியை விடுவிக்கும் வேலை தாத்தாவுடையது. அதற்கு ஒரு தடித்த துணி கையில் இருக்க வேண்டும்.

பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளைக்கு ஊத்தாவைத் தரலாம். பெரியவர்களுடையதைக் கொடுக்காமல் உயரம் குறைவாக முடைந்ததைத் தேடி வாங்குங்கள். நிமிர்த்தி வைத்த ஊத்தாவின் மேல்வாய் வழியாகக் கையை விட்டால், தோள் உள்ளே போகாமலே விரல் தரையைத் தொட வேண்டும். சில ஊர்களில் ஊத்தாவுக்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள். கரைக்குப் போகும் முன்னரே அதை விசாரித்துவிடுவது நல்லது.