1965 டாட்ஜ் டார்ட், ஸ்லான்ட் சிக்ஸ்: வீட்டு கராஜ்லயே பாத்துக்கற அனுபவம்

நாங்க டெட்ராய்ட் பக்கம் இருக்கோம். பல வருஷமா எங்க கராஜ்ல ஒரு 1965 டார்ட் இருக்கு, நாலு கதவு, 225 க்யூபிக் இன்ச் ஸ்லான்ட் சிக்ஸ் எஞ்சின் (சாய்ஞ்சு நிக்கற ஆறு சிலிண்டர்), ஆட்டோமேட்டிக். பழைய அமெரிக்கன் கார்னாலே எல்லாரும் முஸ்டாங், கமேரோ, வி8னுதான் தேடுவாங்க. ஆனா வீட்லயே சொந்தமா கை வச்சு பாத்துக்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு நான் சொல்றது இந்த மாதிரி சாதாரண குடும்ப கார்தான், விலையும் கம்மி, பானெட்டைத் தூக்கினா உள்ள எஞ்சினுக்கு பக்கத்துல கையை முழுசா விட இடம் இருக்கும்.

இந்த எஞ்சின் 1960 மாடல் கார்கள்ல வந்தது. 30 டிகிரி ஒரு பக்கமா சாய்ச்சு வச்சிருப்பாங்க, அதனால பானெட் தாழ்வா வருது, இன்டேக் பைப்புக்கும் நல்ல நீளம் கிடைக்குது. எங்களுக்கு கிட்டக்க இருக்கற ட்ரென்டன்லதான் எஞ்சினை செஞ்சாங்க, டார்ட் நிறைய ஹாம்ட்ராம்க் டாட்ஜ் மெயின் ஃபேக்டரில இருந்து வெளிய வந்தது, அதை 1980ல மூடிட்டாங்க. அந்த காலத்து ஆளுங்க இன்னும் இந்த ஏரியால இருக்காங்க, எங்க தெருவுலயே ஒரு பெரியவர் இருக்கார், வால்வ் சத்தத்தைக் கேட்டே எது லூஸ்னு சொல்லிடுவார். எனக்கு குருன்னு சொன்னா அவர்தான்.

வால்வ் அட்ஜஸ்ட்மென்ட்தான் இந்த கார்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. இடைவெளியை தானா சரி பண்ணிக்கற ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது, அதனால வால்வுக்கும் அதை அழுத்தற ராக்கருக்கும் நடுவுல அப்பப்போ நாமதான் இடைவெளி வைக்கணும். இன்டேக்குக்கு 0.010 இன்ச், எக்ஸாஸ்ட்டுக்கு 0.020, எஞ்சின் நல்லா சூடாகி ஐடில்ல ஓடிட்டு இருக்கும்போதே. மேல கவரை கழட்டிட்டு ஆடிட்டு இருக்கற ராக்கருக்கு அடியில ஃபீலர் கேஜை விட்டு ஸ்க்ரூவை திருப்பணும், எண்ணெய் தெறிக்கும், முதல்ல கை பயப்படும், அப்புறம் பிளேடு லேசா பிடிச்சு இழுபடற அந்த உணர்வு கைக்கு பழகிடும். லேசா டிக் டிக்னு கேக்கறது இதுல நார்மல். சத்தமே வரக்கூடாதுன்னு டைட் பண்ணிடாதீங்க, எக்ஸாஸ்ட் வால்வ் சரியா மூடாம எரிஞ்சு போயிடும்.

ஸ்பார்க் பிளக் விஷயம் புதுசா வர்றவங்களுக்கு கட்டாயம் சொல்லணும். 1974 வரைக்கும் வந்த ஸ்லான்ட் சிக்ஸ்ல பிளக் ஒவ்வொண்ணும் ஒரு அலுமினிய குழாய்க்குள்ள உக்காரும், அந்த குழாய்தான் சீல். புது பிளக்கோட வர்ற இரும்பு வாஷரை கழட்டிட்டுதான் போடணும். குழாயோட மேல ஓ-ரிங் காஞ்சு போனா ஆயில் கசியும், பிளக் மாத்தும்போதே அதையும் மாத்திடுங்க, ரொம்ப மலிவு.

ஆயில் எதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. ஃப்ளாட் டாப்பெட் கேம் இது, கேமும் டாப்பெட்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிட்டே ஓடும், தேயாம இருக்க துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ZDDPனு சொல்ற அந்த கலவை ஆயில்ல போதுமான அளவு இருக்கணும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெட்டுப் போகக்கூடாதுன்னு 2004 வாக்குல வந்த ஸ்டாண்டர்டுல இருந்து சாதாரண 10W-30 ஆயில்ல பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு மேல போகாது. அதனால பழைய கார்களுக்குனே விக்கற ஆயில்தான் நான் ஊத்தறேன். ஃபில்டர் தலைகீழா நிக்கும், கழட்டும்போது ஆயில் ஒழுகும், கீழ பழைய துணியை நிறைய போட்டு வச்சுக்கோங்க.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம். எல்லாத்தையும் ஒரிஜினலாவே வச்சுக்கணும்னு நினைக்கற ஆள்தான் நான், ஆனா உயிர் சம்பந்தப்பட்ட ரெண்டு இடத்துல விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒண்ணு பிரேக். 1966 மாடல் வரைக்கும் மாஸ்டர் சிலிண்டர்ல ஒரே ஒரு சர்க்யூட், எங்கயாவது ஒரு லைன் வெடிச்சா நாலு வீலுக்கும் பிரேக் இல்ல. 1967ல இருந்து வந்த டபுள் சர்க்யூட் மாஸ்டரை போட்டு லைனை எல்லாம் புதுசா இழுத்தாச்சு, வீட்லயே முடியற வேலைதான், பைப் நுனியை ஃப்ளேர் பண்ற டூல் மட்டும் நல்லதா வாங்குங்க. டிரம்மை திறந்தா உள்ள இருக்கற தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமாக்கி துடைங்க.

ரெண்டாவது வயரிங். அந்த காலத்து மோப்பார் கார்கள்ல, அதாவது டாட்ஜ் மாதிரி கிரைஸ்லர் கம்பெனி கார்கள்ல, சார்ஜிங் கரண்ட் மொத்தமும் ஃபயர்வால் கனெக்டர் வழியா டாஷ்ல இருக்கற அம்மீட்டருக்கு போய் திரும்பி வரும். அறுபது வருஷத்துல அந்த முனைகள்ல களிம்பு பிடிச்சு சூடாகும், பிளாஸ்டிக் உருகும். ஏசி, பெரிய ஸ்டீரியோன்னு ஆசைப்பட்டு பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டினா இன்னும் மோசம். ஆல்டர்னேட்டர்ல இருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு நேரா தடி வயர், நடுவுல கரண்ட் அதிகமானா உருகி அறுந்துடற ஃப்யூசிபிள் லிங்க், டாஷ்ல வோல்ட் மீட்டர், இதை செஞ்சதுக்கு அப்புறம்தான் ராத்திரி நிம்மதியா ஓட்டறேன். பெயின்ட், குரோம் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இக்னிஷன் காயிலுக்கு போற கரண்டைக் குறைக்கற பேலஸ்ட் ரெசிஸ்டர் ஒண்ணு க்ளவ் பாக்ஸ்ல எப்பவும் இருக்கட்டும். சாவியை திருப்பும்போது ஸ்டார்ட் ஆகுது, விட்டதும் அணைஞ்சிடுதுன்னா முதல்ல அதைத்தான் பாக்கணும். டிரைவர் பக்க (இங்க இடது பக்கம்) வீல் நட் எதிர்பக்கம் சுத்தும், 1970 வரைக்கும் அப்படித்தான், டயர் கடைக்கு போனா முதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா இம்பாக்ட் கன் வச்சு ஸ்டட்டை உடைச்சிடுவாங்க. ஸ்பேனர் எல்லாம் இன்ச் சைஸ், 7/16, 1/2, 9/16 இது மூணுலயே பாதி கார் கழண்டிடும்.

பெட்ரோல் 87 ஆக்டேன் போதும். எத்தனால் கலந்து வர்றதால பழைய ரப்பர் ஹோஸ் உள்ளயே கரையும், எத்தனால் தாங்கற ஹோஸா மாத்திடுங்க. மிச்சிகன்ல குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அப்ப இந்த காரை வெளிய எடுக்கவே கூடாது, டேங்க்கை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊத்தி பேட்டரியை டெண்டர்ல (மெதுவா சார்ஜ் ஏத்திட்டே இருக்கற சார்ஜர்) போட்டு நிறுத்திடறேன். ஆகஸ்ட்ல டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் ரோட்டுல பழைய கார்கள் ஊர்வலமா போற வுட்வர்ட் க்ரூஸுக்கு கூட்டிட்டு போவேன், அங்க சின்ன பசங்க நிறைய பேர் பளபள வி8ஐ தாண்டி இதுகிட்ட வந்து எஞ்சின் ஏன் சாஞ்சிருக்குன்னு கேக்கும்போது மனசு நிறைஞ்சிடும்.

பிளக், பாயின்ட், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் எல்லாம் இன்னைக்கும் ஈஸியா கிடைக்கும். நாலு கதவு டார்ட்டுக்கு கண்ணாடி, ஓர பட்டி, பாடி தகடு கிடைக்கறதுதான் கஷ்டம், முஸ்டாங் மாதிரி எல்லாம் புதுசா அடிச்சு விக்கறது இல்ல. நான் ஜூலைல பென்சில்வேனியா கார்லைல்ல நடக்கற கிரைஸ்லர் ஷோல தேடி எடுப்பேன். அதனால வாங்கும்போது எஞ்சின் ஓடலைன்னா கூட பரவால்ல, பாடி நல்லா இருக்கறதை எடுங்க. காருக்கு அடியில படுத்து, முன்வீலுக்கு ஸ்ப்ரிங்கா வேலை செய்யற டார்ஷன் பாரோட பின்முனை உக்கார்ற கிராஸ்மெம்பரை சுத்தியலால தட்டிப் பாருங்க, அங்க துரு தின்னிருந்தா எவ்வளவு மலிவா குடுத்தாலும் வேணாம்.