‘கிளியர் டைட்டில்’ வேறு, ‘கிளீன் டைட்டில்’ வேறு

அமெரிக்காவில் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக நம்மூரில் மனை வாங்கிப் பழகியவர்களுக்கு.

2019-இல் டாலஸ் பக்கம் வேலைக்கு வந்த புதிதில், ஒரு சின்ன டீலரிடம் 2014 கேம்ரி ஒன்றைப் பார்த்தேன். விலை 11,300 டாலர். மற்ற இடங்களில் அதே வண்டி பன்னிரண்டரை ஆயிரம். விளம்பரத்தில் ‘கிளியர் டைட்டில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டைட்டில் என்றால் வண்டியின் உரிமைப் பத்திரம். ஊரில் மனை விளம்பரத்தில் அப்படிப் போட்டால் பத்திரம் சுத்தம், வில்லங்கம் இல்லை என்று அர்த்தம். எனக்கு அது போதுமாக இருந்தது. இருந்தாலும் விவரமானவன் மாதிரி ஒரு கேள்வி கேட்டேன்: “இது சால்வேஜ் வண்டியா?” “இல்லவே இல்லை சார்” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

சில வாரம் கழித்துத் தபாலில் டைட்டில் வந்தது. அதில் ‘ரீபில்ட் சால்வேஜ்’ என்று அச்சாகியிருந்தது. பதறிப்போய் வாங்கிய அன்று கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டைப் புரட்டினால், அதிலும் ஒரு தாளில் இருக்கிறது. படிக்காமல் போட்டது என் தப்பு.

விஷயம் இதுதான். வண்டி அடிபட்டு, பழுதுபார்க்கும் செலவு அதன் மதிப்பில் இவ்வளவு சதவீதத்தைத் தாண்டினால் சால்வேஜ் ஆகிவிடும். அந்த வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் 75, டெக்சாஸில் 100. சால்வேஜ் வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. அதைச் சரிசெய்து மறுபடி பதிவு செய்தால் ‘ரீபில்ட்’. ஆகவே என் கேள்விக்கு ‘இல்லை’ என்பது சட்டப்படி சரியான பதில்! ‘கிளியர்’ என்றால் வண்டி மேல் கடன் பாக்கி இல்லை, அவ்வளவுதான். விபத்து, வெள்ளம் என்று டைட்டிலில் எந்த முத்திரையும் விழாததுதான் ‘கிளீன்’.

ரீபில்ட் எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். தெரிந்து, விலையில் 20 முதல் 40 சதவீதம் குறைத்து வாங்கினால் சிலருக்கு லாபம்தான். நான் தெரிந்திருந்தால் எட்டாயிரத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். அப்புறம் இன்சூரன்ஸ். நான் கேட்ட மூன்று கம்பெனிகளில் இரண்டு, எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான் பாலிசி தருவோம் என்றன. டீலரிடம் திரும்பிப் போனேன். ஜன்னலில் ஒட்டியிருந்த ‘ஆஸ் ஈஸ்’ தாளின் நகலை நீட்டினார். வண்டி எப்படி இருக்கிறதோ அப்படியே, வாரண்டி கிடையாது என்பதற்கான தாள் அது.

இத்தனைக்கும் அந்த டைட்டிலில் முத்திரையாவது இருந்தது. ஒரு மாநிலத்தில் விழுந்த முத்திரையை, விதி வேறாக இருக்கும் இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்து அழித்துவிடுவதும் உண்டு. ‘டைட்டில் வாஷிங்’ என்பார்கள். 2017-இல் ஹார்வி புயல் வெள்ளத்தில் ஹூஸ்டன் பக்கம் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கியதும் முத்திரை அழிந்து விற்பனைக்கு வரலாம். அதனால் காகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். முன் கண்ணாடிக்குக் கீழே டிரைவர் பக்கம் இருக்கும், எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட ‘வின்’ என்ற வண்டி அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, வாகனத் திருட்டையும் இன்சூரன்ஸ் மோசடியையும் கவனிக்கும் என்ஐசிபி அமைப்பின் ‘வின்செக்’ இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம். என்எம்விடிஐஎஸ் என்ற மத்திய அரசுப் பதிவேட்டின் அறிக்கைக்குச் சில டாலர்தான் ஆகும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரிந்தால் கிளம்பிவிடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும் சந்தேகம்தான். டீலரிடம் டைட்டிலையே காட்டச் சொல்லுங்கள். “என்ன டைட்டில்?” என்று கேளுங்கள், என்னைப் போல் “இதுவா?” என்று கேட்காதீர்கள்.

வண்டி இன்னும் ஓடுகிறது. போன மாதம் இன்னொரு டீலரிடம் விலை கேட்டேன். அவர் சொன்ன தொகையை என் மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை.