11 கணினிக்கு 19 லைசென்ஸா?

மலேசியாவில், பினாங்கு பிறையில் இருக்கும் எங்கள் சரக்கு ஃபார்வர்டிங் ஆபீஸில் 11 கணினி, 19 பேர். பகல் ஷிஃப்ட் எழுந்த சூடு ஆறுவதற்குள் இரவு ஷிஃப்ட் அதே நாற்காலியில் வந்து உட்காரும். நான் கணக்குக் கிராணி. எப்போதோ ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய தாளை எடுத்துக் கொடுத்த பாவத்துக்கு ஐடி வேலையும் என் தலையில் விழுந்தது. பட்டர்வொர்த் பக்கம் இரண்டே பேர் நடத்தும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் எங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் லைசென்ஸ் வாங்கி, எல்லா மெஷினிலும் ஏற்றிக் கொடுத்தது. இது அவர்களைப் பற்றிய விமர்சனம். குறையும் சொல்லப் போவதால் கடைப் பெயரைப் போடவில்லை.

முதலில் நாங்கள் பட்ட அவதியைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் முதலாளி ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 'ஆயுசுக்கும் செல்லும்' என்று போட்டிருந்த ஆபீஸ் 2019 கீயை (ஆபீஸைத் திறந்துவிடும் எண்) ஒன்று 30 வெள்ளி (ரிங்கிட்) என்று 11 வாங்கிவிட்டார். ஒரே வாரத்தில் எல்லாவற்றிலும் ஏற்றினோம், நன்றாகத்தான் ஓடியது. ஆறு மாதம் தாண்டியதும் ஒவ்வொரு மெஷினாக எக்செல் தலைப்பட்டை சிவப்பாக மாற ஆரம்பித்தது. கே1 என்ற இறக்குமதிச் சுங்கப் பாரத்துக்கு விவரம் அடித்துக்கொண்டிருக்கும் பையன் ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் லைசென்ஸ் இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும், அதை மூடிவிட்டு அடிப்பான், மறுபடி வரும். விற்றவரைத் தேடினால் கடையே காணோம்.

பட்டர்வொர்த் தம்பி வந்ததும் செய்த முதல் வேலை எனக்குப் பிடித்தது. எதையும் விற்காமல், கறுப்புத் திரையைத் திறந்து ஆபீஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டினார். எந்த வகை லைசென்ஸ், கீயின் கடைசி ஐந்து எழுத்து, எந்த சர்வரிடம் அனுமதி வாங்குகிறது என்று எல்லாம் வரிசையாக வந்தது. "அக்கா, இது கேஎம்எஸ். இந்த சர்வர் யாருடையது?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அது பெரிய கம்பெனிகளுக்கான ஏற்பாடாம். கம்பெனிக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும், கணினிகள் அதனிடம் அனுமதி கேட்கும், குறைந்தது ஐந்து கணினியாவது கேட்டால்தான் அது ஆபீஸுக்கு அனுமதி கொடுக்கும். கொடுத்த அனுமதி 180 நாளைக்குத்தான் செல்லும். அதற்குள் சர்வரைத் தொட்டுவிட்டால் மறுபடி 180 நாள். எவரோ அப்படி ஒரு சர்வரைப் பொது இணையத்தில் வைத்து அதைக் காட்டி எங்களுக்கு 'ஆயுசு' விற்றிருக்கிறார். சர்வரை இழுத்து மூடியதும் ஆயுசும் முடிந்தது. அதோடு 1987 காப்புரிமைச் சட்டத்தில் ஒரு கள்ள நகலுக்கு 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் இருக்கிறது, உள்நாட்டு வாணிப அமைச்சு சோதனைக்கு வந்தால் 11 மெஷினுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள் என்றார். முதலாளி அன்று இரண்டாவது தே தாரிக் குடிக்கவில்லை.

சரி, புதிதாக எதை வாங்குவது? நான் நேராக மாதச் சந்தா கட்டும் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், எல்லாரும் அதைத்தானே சொல்கிறார்கள். இங்கேதான் அந்தத் தம்பிக்கு என் முழு மார்க். 365 லைசென்ஸ் ஆளுக்கு, மெஷினுக்கு இல்லை. ஒரு ஆள் ஐந்து கணினி வரை போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரு கணினியில் மாறி மாறி உட்காரும் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். அப்படிப் பலர் பகிரும் கணினிக்கு என்றே ஒரு ஆக்டிவேஷன் முறை உண்டு, அது பிசினஸ் ஸ்டாண்டர்டில் கிடையாது, பிசினஸ் பிரீமியம் போல மேலே இருக்கும் பிளானுக்குப் போக வேண்டும். ஆக, எங்களுக்கு 19 பேருக்கும் விலை கூடின பிளான், மாதா மாதம். அதற்குப் பதில் கவுண்டரில் இருக்கும் எட்டு மெஷினுக்கு ஆபீஸ் எல்டிஎஸ்சி 2024 போடச் சொன்னார். அது மெஷினுக்கு லைசென்ஸ், ஒரு தடவை காசு, யார் உட்கார்ந்தாலும் சரி. புது வசதி எதுவும் வந்து சேராது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2029 அக்டோபர் வரை வரும். டீம்ஸ் கூடவே வராது, பப்ளிஷர் கிடையாது. கே2 என்ற ஏற்றுமதிப் பாரத்துக்கு எக்செல் தட்டுபவனுக்கு இதெல்லாம் எதற்கு? முதலாளி, சேல்ஸ், நான் என மூன்று பேருக்கு மட்டும் 365. விலை கூடினதை விற்றிருந்தால் அவருக்குக் கமிஷன் கூடியிருக்கும், அது அவருக்கும் தெரியும்.

ஏற்றிய விதத்தைப் பற்றியும் கொஞ்சம். பழைய ஆள் ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து தனித்தனியாக டவுன்லோடு போட்டு, எங்கள் லைன் மூச்சுத் திணறி, மதியத்துக்குள் ஆபீஸே நின்றுவிடும். இவர் மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுக்கும் டிப்ளாய்மென்ட் டூலைக் கொண்டுவந்தார். என்ன வேண்டும் என்று ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி, மொத்தத்தையும் ஒரே தடவை எங்கள் சர்வரின் பொது ஃபோல்டரில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு மெஷினும் உள்ளுக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. அவுட்லுக் வேண்டாம் என்று ஒரு வரி, மலாய் மொழி சேர் என்று ஒரு வரி. எங்கள் கணக்கு மென்பொருளின் எக்செல் இணைப்பு 32 பிட்டில்தான் வேலை செய்யும் என்று நான் சொன்னதால் அதற்கும் ஒரு வரி, சொல்லாமல் விட்டிருந்தால் வழக்கம் போல 64 பிட் ஆபீஸ் ஏறியிருக்கும். பழையதை மட்டும் முதலில் தனியாகக் கழற்றினார். இரவு ஷிஃப்ட்டுக்கு முன் எட்டும் முடிந்தது. கீயும் இந்தத் தடவை எம்ஏகே, மைக்ரோசாஃப்டிடம் ஒரே ஒரு முறை பதிவு, ஆறு மாதத் தலைவலி இல்லை. ஆனால் ஃபார்மேட் பண்ணி மறுபடி போட்டால் எண்ணிக்கையில் ஒன்று கழியும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

இப்போது குறை. 365 கணக்கின் தலைமை அட்மினைத் தன் சொந்த ஈமெயிலில் பதிந்துவிட்டார். நாளைக்கு அவர் போன் எடுக்கவில்லை என்றால் எங்கள் ஆட்களுக்கு நாங்களே பாஸ்வேர்டு மாற்ற முடியாது. கேட்டதற்கு "எல்லாருக்கும் அப்படித்தான் அக்கா செய்வேன்" என்றார். அந்த 'எல்லாரும்' நினைத்தால் பாவமாக இருக்கிறது. மூன்று நாள் விடாமல் கேட்டு ஆபீஸ் பெயரில் மாற்றி வாங்கினேன். லைசென்ஸ் வாங்கிய இன்வாய்ஸும் அப்படித்தான், கேட்டுக் கேட்டு இரண்டு வாரம் கழித்து வந்தது. சோதனைக்கு வருகிறவன் இரண்டு வாரம் காத்திருப்பானா?

கூலி மெஷினுக்கு 90 வெள்ளி, நியாயம்தான். எடை மேடையில் இருக்கும் பழைய கணினிக்கு லைசென்ஸே வேண்டாம், இலவச லிப்ரே ஆபீஸ் போதும் என்று சும்மா போட்டுக் கொடுத்தார், 12-ஆவதாக அதுவும் ஓடுகிறது.

ஒரே ஒரு விஷயம் இன்னும் முடியவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் முதலாளி தண்ணீர்ப் பந்தல் போடுவார், அதற்கான தமிழ் நோட்டீஸ் பல வருடமாக ஒரே வேர்டு ஃபைல்தான், தேதி மட்டும் மாறும். ஆபீஸ் ஏற்றிய அதே நாளில் ஒரு மெஷினில் விண்டோஸையும் புதிதாகப் போட்டார்கள். அங்கே அந்த ஃபைலைத் திறந்தால் வரியெல்லாம் இடம் மாறி, 'அனைவரும் வருக' தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அதில் இருக்கும் லதா எழுத்துரு இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை, தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.