பிரிட்டனில் நாய், பூனை இன்சூரன்ஸ்: பல வருடப் பயன்பாட்டில் 'பழைய நோய்' விதி எப்படி வேலை செய்கிறது?

பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது. பிரிட்டனில் வழக்கமான பெட் இன்சூரன்ஸ் எதை எடுத்தாலும் இந்த விதி இருக்கும், வாங்குபவர்களுக்கும் தெரியும். நோய் எப்போது தொடங்கியது என்று கம்பெனி எதை வைத்துக் கணக்கிடுகிறது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். வெட் (விலங்கு மருத்துவர்) நோய்க்குப் பெயர் சொன்ன தேதியை அவர்கள் பார்ப்பதில்லை. முதல் அறிகுறி பதிவான தேதிதான் கணக்கு. மார்ச்சில் காது சொறிந்ததற்குச் சொட்டு மருந்து, மே மாதம் பாலிசி, அடுத்த வருடம் தோல் அலர்ஜி என்று தெரியவந்தால், அலர்ஜி மொத்தமும் பழைய நோய்க் கணக்கில் போய்விடும். பாதத்தை நக்குவது, ஆசனவாய்ச் சுரப்பி வீக்கம் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பாலிசி தொடங்கிய முதல் 14 நாளில் வரும் நோயும் பெரும்பாலும் இதே கதைதான்.

இதற்கெல்லாம் ஆதாரம் வெட் கிளினிக்கின் குறிப்புகள். பாலிசி எடுக்கும்போது பெரும்பாலும் யாரும் அவற்றைக் கேட்பதில்லை. முதல் பெரிய க்ளெய்ம் வரும்போது, பிராணி இதுவரை போன எல்லா கிளினிக்குகளிலிருந்தும் முழுப் பதிவையும் வாங்கி வரிக்கு வரி படிப்பார்கள். அந்தக் குறிப்புகள் சுருக்கெழுத்தில் இருக்கும்: 'டி பிளஸ்' என்றால் வயிற்றுப்போக்கு, 'வி பிளஸ்' என்றால் வாந்தி, 'என்.ஏ.டி' என்றால் பார்த்தவரை கோளாறு எதுவுமில்லை. தடுப்பூசிக்குப் போன இடத்தில் "கொஞ்ச நாளாகவே சொறியுது" என்று பேச்சுவாக்கில் சொன்னால், அதுவும் 'சில வாரங்களாக அரிப்பு, உரிமையாளர் கூற்று' என்று ஏறிவிடும். நோயின் தொடக்கத் தேதியைப் பல வாரம் பின்னுக்குத் தள்ள அந்த ஒரு வரி போதும். மறைக்கச் சொல்லவில்லை, தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதென்றால் ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்லுங்கள்.

கேட்டால் பெரும்பாலான கிளினிக்குகள் குறிப்புகளின் நகலை மின்னஞ்சலில் அனுப்பிவிடும். பாலிசி எடுக்கும் முன் வாங்கிப் படியுங்கள். இடது பின்னங்கால் நொண்டியதற்கு வலது என்று எழுதியிருந்தால், பழையதை அழிக்க மாட்டார்கள். தேதி போட்டுத் திருத்தக் குறிப்பு சேர்ப்பார்கள், அது போதும். குட்டிகளின் இதய முணுமுணுப்பு (இதயத் துடிப்போடு கேட்கும் கூடுதல் சத்தம்) இன்னொரு சிக்கல். வளரும் வயதில் கேட்கும் லேசான முணுமுணுப்பு பல குட்டிகளுக்குச் சில மாதங்களில் தானாகவே போய்விடும். ஆனால் பதிவில் அது நிற்கும்வரை இதயம் சம்பந்தப்பட்ட எதற்கும் பணம் கிடைப்பது கஷ்டம். ஆறு மாத வயதில் மறுபடி காட்டி, சத்தம் இல்லை என்றால் அதையும் எழுதி வாங்குங்கள்.

பாலிசி வகையைப் பொறுத்து, அதே கம்பெனியிடமே உங்கள் நாயின் நோய் பழைய நோயாக மாறும் என்பது பலருக்கும் ரினியூவலில்தான் உறைக்கிறது. 12 மாத வகையில், ஒரு நோய்க்கு ஒரு வருடம்தான் பணம். அதன்பின் அந்த நோய் விலக்குப் பட்டியலில் சேரும். உச்சவரம்பு வகையில் நாள் கணக்கு இல்லை, ஒரு நோய்க்கென ஒதுக்கிய தொகை தீர்ந்ததும் அதே முடிவு. லைஃப்டைம் வகையில் மட்டும் ஒவ்வொரு ரினியூவலிலும் தொகை புதிதாக நிரம்பும். சர்க்கரை நோய், தைராய்டு, வலிப்பு, தோல் அலர்ஜி போன்ற வாழ்நாள் வியாதிகளுக்கு இதுதான் தாங்குகிறது. மலிவாகக் கிடைக்கும் 12 மாத பாலிசியை நாய்க்கு நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம்.

ஆனால் லைஃப்டைம் பாலிசி ஒருநாள்கூட அறுபடக் கூடாது. வங்கிக் கணக்கை மாற்றியபோது மாதத் தவணை போகாமல் பாலிசி ரத்தாகி, புதிதாகத் தொடங்க நேர்ந்தால் அதுவரை வந்த எல்லாமே பழைய நோய். காசு மிச்சம் பிடிக்க வரம்பைக் குறைத்துவிட்டுப் பின்னால் உயர்த்தினாலும், கூடுதல் தொகை ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொருந்தாது என்றே பல பாலிசிகள் சொல்கின்றன.

முழங்கால் தசைநார் அறுந்தால் பில் மூவாயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். ஒரு காலில் அறுந்த நாய்களில் கணிசமானவற்றுக்குப் பின்னால் மறு காலிலும் அறுகிறது. அதனால் முழங்கால், இடுப்பு மூட்டு, முன்கால் மூட்டு, கண் போன்ற இருபக்க உறுப்புகளைப் பல பாலிசிகள் ஒரே நோயாகவே எண்ணுகின்றன. இடது காலில் பாலிசிக்கு முன் நொண்டல் இருந்தால் வலது காலுக்கும் கைவிரிப்புதான். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் முன்னனுமதி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

எக்ஸஸ், அதாவது க்ளெய்மில் நாமே கட்டவேண்டிய முதல் தொகை, பொதுவாக ஒரு நோய்க்கு, ஒரு பாலிசி வருடத்துக்கு ஒருமுறை. சிகிச்சை ரினியூவல் தேதியைத் தாண்டினால் இரண்டு முறை வெட்டுவார்கள். பிராணிக்கு 8 அல்லது 9 வயது ஆனதும் பில்லில் 10 முதல் 20 சதவீதம் நம் தலையில் விழுவதும் வழக்கம். 1,200 பவுண்டு பில்லில் 100 எக்ஸஸைக் கழித்துவிட்டு 20 சதவீதம் பிடித்தால் கைக்கு 880 வரும். சதவீதத்தை முதலில் பிடித்தால் 860. எந்த வரிசை என்பது பாலிசிப் புத்தகத்தில் இருக்கும்.

கம்பெனி மாறுவது ஆரோக்கியமான இளம் பிராணிக்கு மட்டும் சரிவரும். அப்போதும் புதிய பாலிசியின் 14 நாள் காத்திருப்பு முடியும்வரை பழையதை நிறுத்தாதீர்கள். வாழ்நாள் நோய் இருந்தால் பழைய இடத்திலேயே கட்டிப்போட்ட மாதிரிதான். 2022 ஜனவரியில் வந்த, பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட ரினியூவலில் அதிகம் வாங்கக் கூடாது என்ற விதி வீட்டுக்கும் வாகனத்துக்கும்தான். பெட் இன்சூரன்ஸுக்கு இல்லை.

சில கம்பெனிகள், தொடர்ந்து 24 மாதம் அறிகுறி, மருந்து, ஆலோசனை எதுவும் இல்லாவிட்டால் பழைய நோயை மறுபடி ஏற்கின்றன. ஒருமுறை வந்துபோன வயிற்றுப்போக்குக்கு இது உதவும். வெட் எழுதிக்கொடுத்த சிறப்பு உணவு தொடர்ந்தால் அதையே சிகிச்சை என்று சொல்லிவிட வாய்ப்புண்டு.

க்ளெய்மை நிராகரித்தால், பாலிசிக்கு முன் இருந்ததும் இப்போது வந்ததும் ஏன் வேறுவேறு நோய் என்று வெட்டிடம் ஒரு கடிதம் வாங்கி, கம்பெனியிடம் முறையாகப் புகார் கொடுங்கள். விலக்கு பொருந்தும் என்று காட்டவேண்டியது கம்பெனியின் பொறுப்பு. விண்ணப்பத்தில் தவறான பதில் தந்ததாகச் சொன்னால், என்ன கேள்வி கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள்: 2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனத்தோடு பதில் சொன்னால் போதும், கேட்காததைச் சொல்லக் கடமையில்லை. புகாருக்கு 8 வாரத்தில் இறுதிப் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து அதற்கு 6 மாதம் அவகாசம்.